கனமான பொருள்

தமிழக அரசின் வீடு தேடி வரும் மருத்துவத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பிசியோதெரபிஸ்டாக வீடு வீடாகப் போகிறேன். ஒரு வீட்டில் ஒன்றரை வருஷம் மகனை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மகனுக்கு 22 வயது. மூளை முடக்குவாதம். நாற்பது கிலோ இருப்பான். ஒரு நாளில் ஏழெட்டு தடவை தூக்கி இறக்குவது அம்மா ஒருத்திதான். ஒருநாள் நான் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். "மேடம், எனக்கு அடி இறங்கிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு." கர்ப்பப்பை இறக்கம். இரண்டு முறை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தும் போகவில்லை. ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அத்தனை நாளும் மகனை வைத்துக்கொள்ள எந்த அட்டையும் இல்லை.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, மகன் பெயரில். டயப்பருக்கே பத்தாது. வீட்டார் கொஞ்சம் மூச்சுவிடட்டும் என்று சில நாள் தங்கவைக்க, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையில் 'சமர்த்' என்றொரு திட்டம் உண்டு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் எடுத்து நடத்தினால்தான் அது ஊருக்கு வரும். எங்கள் பக்கம் யாரும் எடுக்கவில்லை. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்று, பார்த்துக்கொள்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய். அதை வைத்து ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு பதிவேட்டிலாவது ஏறுகிறதே!

கடைசியில் நாங்கள் நாலைந்து பேர் காசு போட்டு, ஒரு இல்லத்தில் மகனுக்கு எட்டு நாளுக்கு இடம் பிடித்தோம். அம்மா ஆபரேஷனுக்குப் போனார். இரண்டாம் நாளே போன்: "பையன் சாப்பிட மாட்டேங்கிறான்." போய்ப் பார்த்தால், படுக்கவைத்தபடியே கரண்டியை வாயில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஊட்டும் விதமே வேறு. உட்காரவைத்து, தலையை லேசாகக் குனியவைத்து, கீழ்த்தாடையை இரண்டு விரலால் தாங்கிப் பிடிப்பார். ஒரு வாய் தொண்டையில் இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். அரை டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். இதை எழுதிக்கொடுக்க எனக்கும் தோன்றவில்லை. அரசு பணம் ஒதுக்கும் நாள் வந்தால், கட்டில் கணக்கோடு இந்தத் தாடைப் பிடியைப் பழகிய ஆளின் சம்பளத்தையும் சேர்த்துப் போடட்டும்.

ஒன்பதாம் நாள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டை வாசித்துக் காட்டினேன்: மூன்று மாதம் கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது.

"பொருள்னுதானே மேடம் போட்டிருக்கு" என்றார்.