தனிநபர் நிறுவனம்: எதை முதலில் பதிய வேண்டும்?

சொந்தப் பெயரில் சிறுதொழில் தொடங்க, கம்பெனி சட்டப்படி தனிப் பதிவு கிடையாது. உங்கள் பான் கார்டுதான் நிறுவனத்துக்கும் பான்.

முதல் வேலை உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாருடன் இணைந்த மொபைல் கையில் இருந்தால் போதும், அரை மணி நேர வேலை, கட்டணம் இல்லை. அரசு முத்திரை மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டு பணம் கேட்கும் தளங்கள் ஏராளம். தளத்தின் முகவரி gov.in என்று முடிகிறதா பாருங்கள்.

கரண்ட் அக்கவுண்டுக்குப் பொதுவாக நிறுவனப் பெயரில் 2 ஆவணம் கேட்பார்கள். உத்யம் ஒன்று, ஜிஎஸ்டி அல்லது உள்ளாட்சி உரிமம் இன்னொன்று. இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 'டிரேடர்ஸ்' ஒன்றில், 'டிரேடிங்' இன்னொன்றில் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் வரம்பு பொருளுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். ஆனால் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், சில கைவினைப் பொருட்கள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது முகவரியில்: வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பெயர், இபி பில்லில் உரிமையாளரின் அப்பா பெயர். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் 7 வேலை நாளுக்குள் பதில் போடுங்கள்.

ஜிஎஸ்டி எண் வாங்கியபின் விற்பனையே இல்லாவிட்டாலும் 'நில் ரிட்டர்ன்' (விற்பனை பூஜ்யம் என்று காட்டும் கணக்கு) தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய்.