பத்துக்கு அஞ்சு

மழை, குளம், கோழி, பள்ளி, வாழை, கிளி, பழம், தோள், புழு, தாள்.

அன்றைக்குச் சொல்வதை எழுதுதலுக்கு நான் கொடுத்த பத்துச் சொற்கள். மூன்று வருஷம் ஆகியும் வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. வழக்கமாக நான் பட்டியல் எல்லாம் போடுவதில்லை. பாடத்தைப் பார்த்து வாயில் வருவதைச் சொல்லிக்கொண்டே வரிசைக்கு நடுவில் நடப்பேன். அன்றைக்குப் போட்டிருந்தேன். ஐந்தில் ழ, ஐந்தில் ள. மூன்றாம் வகுப்பில் இந்த இரண்டும்தான் தகராறு என்று, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையத்தில் எல்லோரும் புலம்பிவிட்டு வந்த வாரம் அது.

நோட்டுகளைத் திருத்தினால் எல்லாம் நாம் பார்த்துப் பழகிய கதைதான். மழையைச் சரியாக எழுதியவன் குளத்தைக் ‘குழம்’ ஆக்கியிருந்தான். கோழி ஒழுங்காக வந்தவளுக்குப் புழு ‘புளு’ ஆகியிருந்தது. ஒருவன் கிளிக்கு ல, ள, ழ மூன்றையும் எழுதி இரண்டை அடித்திருந்தான். கடைசியில் அடிக்காமல் விட்டது தப்பானது.

ஒரு நோட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. மளை, குளம், கோளி, பள்ளி, வாளை, கிளி, பளம், தோள், புளு, தாள். பத்திலும் ள. எங்கேயும் அடித்தல் இல்லை, யோசித்த தடம் இல்லை. பென்சிலை அழுத்தி, இரட்டைக்கோட்டை விட்டு ஒரு கால்கூட வெளியே போகாமல் எழுதியிருந்தாள். பத்துக்கு அஞ்சு போட்டேன். அப்புறம் கூப்பிட்டேன்.

“என்னத்தா இது? எல்லாத்துக்கும் பள்ளிக்கூட ள போட்டு வச்சிருக்க?”

“நீங்க அப்படித்தான சார் சொன்னீக.”

“நான் பழம்னு சொன்னேன்.”

“ஆமா சார். பளம்.”

வகுப்பு சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம்தான் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வைத்தது என்று இப்போது நினைக்கிறேன். “போ, காதை நல்லாக் கழுவிட்டு வந்து எழுது” என்றேன். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவளைப் பார்த்துத்தான்.

அவள் போய் உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டு அழித்தாள். ரப்பர் இருந்தது, பக்கத்துப் பையன் நீட்டவும் செய்தான், வாங்கவில்லை. ‘பளம்’ இருந்த இடத்தில் தாள் நைந்து ஓட்டையாகிவிட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் ‘பழம்’ என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். நான் டிக் போட்டேன். சிவப்பு மை ஓட்டை வழியாக அடுத்த பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்தது.

எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அது. இத்தனை வருஷத்தில் துடுக்குக்கும் பதிலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? கேட்டேன், பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

சாயந்திரம் வண்டியில் வரும்போது நான் சொன்ன வாக்கியத்தை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கழுவிட்டு. அதிலும் ஒரு ழ இருக்கிறது. நான் என்ன சொல்லியிருப்பேன்? எங்கள் பக்கத்தில் யாரும் கழுவுவதில்லை, களுவுவார்கள். வாளப்பளம் தின்பார்கள், கீள உக்காருவார்கள், மளைக்கு ஒதுங்குவார்கள். நானும் அந்தச் சிவகங்கைப் பக்கத்து ஆள்தான். ஆனால் ஆசிரியர் பயிற்சியில் நாக்கை மடித்து மடித்துப் பழகி, மேடையில் ‘தமிழ்’ என்று சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

வீட்டில் போனை எடுத்துப் பத்துச் சொல்லையும் சொல்லிப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் பத்தும் சுத்தம். ஐந்து ழவும் ழவாகவே இருந்தன. பார்த்தாயா என்று ஒரு நிம்மதி. ஆனால் பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன். அதன் தொடர்ச்சியில் வீட்டில் ஏதோ கேட்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன்: “அதக் கீள வையி, ஒளுங்கா மூடிட்டு வா.” என் குரல்தான்.

ஆக, யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் ழ வருகிறது. தெரியாவிட்டால் இல்லை. வகுப்பில் வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டு, ஒருத்தனைத் திரும்பி உட்காரச் சொல்லிக்கொண்டு, ஜன்னலில் வந்து நிற்கிற சத்துணவு அம்மாவுக்குத் தலையாட்டிக்கொண்டு சொல்லும்போது எது வந்திருக்கும்? வகுப்பில் பதிவு செய்திருந்தால் தெரிந்திருக்கும். அதைச் செய்ய எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இது என் ஒருவன் வாயின் குறை இல்லை. தென் மாவட்டங்களில் பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகிப் பல காலம் ஆகிறது. வடக்கே போனால் வாயப்பயம் என்பார்கள், அது வேறு கூத்து. ரவும் றவும் பேச்சில் ஏறக்குறைய ஒன்றுதான், ந ன இரண்டுக்கும் காதில் வித்தியாசமே கிடையாது. அதனால்தான் சின்ன ர, பெரிய ற, ரெண்டு சுழி ன என்று எழுத்துக்கு அடையாளம் சொல்லிக் கொடுக்கிறோம். ‘வாழப்பழ ழ’ என்று நாம் சொல்வதே வாளப்பள ள என்றுதான் பிள்ளைகள் காதில் விழுகிறது. ஆனாலும் எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள், நாமும் அப்படித்தான் கற்றோம். தலைமையாசிரியை கும்பகோணம் பக்கம், ழ அவருக்குத் தண்ணீர் மாதிரி வரும். அவரிடம் பாதிக் கதையை மட்டும் சொன்னேன். “சார், எழுத்து கண்ணுக்குத்தான், காதுக்கு இல்ல. ரெண்டு தடவ பார்த்து எழுதினா வந்துரும், விடுங்க” என்றார். விட்டேன். சரியான பேச்சுதானே.

ஆனால் கண்ணுக்குத்தான் என்றால் காதைக் கழுவச் சொன்னது எதற்கு?

இன்னொன்றும் உறுத்துகிறது. மழையைச் சரியாக எழுதியவர்கள் யாரும் நான் சொன்னதைக் கேட்டு எழுதவில்லை. புத்தகத்தில் பார்த்தது நினைவில் இருந்தது, எழுதினார்கள். நினைவில் இல்லாதவர்கள் பூவா தலையா போட்டார்கள். அந்தப் பிள்ளை ஒருத்திதான் சொல்வதை எழுதினாள். தேர்வின் பெயரும் அதுதான். என் வாயிலிருந்து வந்ததை அச்சாக எடுத்து வைத்திருந்த ஒரே நோட்டுக்கு நான் அஞ்சு மார்க் போட்டேன்.

அதற்காகப் பத்து போட்டிருக்க முடியுமா? ‘கோளி’க்கு எந்த வாத்தியார் டிக் போடுவார்?

பணியில் சேர்ந்த புதிதில் செயல்வழிக் கற்றல் இருந்தது. 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டையை எடுத்துப் பிள்ளை தானே உட்கார்ந்து செய்யும், சுவரோரம் கீழ்மட்டக் கரும்பலகையில் தன் கட்டத்தில் தானே எழுதும். வாத்தியார் குரல் அவ்வளவாகத் தேவைப்படாது. அப்போது அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருவன். “வாத்தியார் வாயத் தொறந்து பாடம் நடத்துனாத்தான்யா பாடம்” என்பேன். என் வாய் எப்படிப்பட்டது என்று அட்டைக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதற்கடுத்த வாரங்களில் அந்தப் பிள்ளை சொல்வதை எழுதுதலில் ஏழு, எட்டு என்று வாங்க ஆரம்பித்தாள். முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். நான் சொல்லும்போது முன்பெல்லாம் நிமிர்ந்து என் வாயைப் பார்ப்பாள். இப்போது தலை நிமிர்வதே இல்லை. கண் மட்டும் பக்கத்து நோட்டுக்குப் போய்விட்டு வரும். அந்தப் பக்கத்து நோட்டுக்காரன் தப்பாக எழுதியது இவளிடமும் அதே தப்பாக இருந்தது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் அவளைத் தனியாக என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மன்னிப்புக் கேட்பதாக எல்லாம் உத்தேசம் இல்லை. இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்றுதான். நாக்கு நுனியை மேலே மடித்து, மேடைக்குச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னேன். மழை. கோழி. பழம். பின்னால் இருந்த இரண்டு பயல்கள் “சார் ஏன்டா இப்படிப் பேசுறாரு” என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்தாள், எனக்குப் பழைய பார்வை திரும்பி வந்ததுபோல் இருந்தது. எழுதிக் காட்டினாள்.

மரை. கோரி. பரம்.

எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. வீட்டிலும் தெருவிலும் வகுப்பிலும் ஒரு தடவைகூட ழவைக் கேட்டிராத பிள்ளை. புதிதாக ஒரு ஒலியைக் கேட்கிறாள், தன்னிடம் இருக்கிற எழுத்துகளில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதைப் போடுகிறாள். வேடிக்கை என்னவென்றால், தொல்காப்பியம் ரவையும் ழவையும் ஒரே இடத்தில்தான் வைக்கிறது. நாக்கு நுனி மேலே போய் அண்ணத்தை வருட இரண்டும் பிறக்கும் என்கிறது. ளவுக்கு வேறு இடம், அது லவோடு சேர்ந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் காது அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது, என் திருத்தம் ஒத்துப்போகவில்லை. இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது நோட்டை மூடி, “சரி போ, தட்டு எடுத்துட்டு வரிசையில நில்லு” என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அந்த மூன்று சொல்லுக்கு மேல் சிவப்பு மை படவே இல்லை.

அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “அன்னைக்கு நீ எழுதினது சரிதான்த்தா, நான் சொன்னதுதான் கோளாறு.” ஏன் சொல்லவில்லை? வாத்தியார் சொல்வதே தப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் எதை நம்பிப் படிப்பார்கள் என்று ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்கிறேன். பின்னால் அந்த இரண்டு பயல்கள் இருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் நிஜம் என்று சில நாள் தோன்றும், சில நாள் முதலாவதும் அப்படியொன்றும் பொய் இல்லை என்று தோன்றும்.

அது ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் வந்த முதல் வருஷம். 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கினார்கள். ஒரே வகுப்பில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்துக்கொண்டு எல்லோரும் திண்டாடிய நேரம். அந்தப் பிள்ளையை மொட்டில் வைத்திருந்தேன். வருஷக் கடைசியில் மலருக்கு மாற்றினேன். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது, தகுதி இல்லாமல் ஏற்றவில்லை. ஆனால் அதை நிச்சயப்படுத்திக்கொண்டபோது அவள் எனக்குக் காட்டியது கற்றுக்கொண்டதையா, எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டதையா என்ற கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்கு, மதிப்பீட்டைப் பதிகிற செயலியில் கட்டம் கிடையாது.

இதை ஒரு தடவை குறுவள மையத்தில் பேசினேன். ‘எனக்குத் தெரிந்த ஒரு சார்’ என்று ஆரம்பித்து, பிள்ளைகளிடம் தவறை ஒப்புக்கொள்ள ஆசிரியர் தயங்கக் கூடாது என்று முடித்தேன். பலரும் தலையாட்டினார்கள். ஒரு டீச்சர், “அந்த சார் அப்புறம் அந்தப் பிள்ளைகிட்ட சொன்னாரா?” என்று கேட்டார். சொல்லிவிட்டார் என்றேன்.

ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவோடு வந்திருந்தாள். வளர்ந்துவிட்டாள். நோட்டுகளில் ழ எல்லாம் அதது அதனதன் இடத்தில் வந்து வருஷம் ஆகிறது. “காதைக் கழுவிட்டு வரச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். கேட்கும்போது ழவில் கொஞ்சம் கவனமாக இருந்தேன்.

“எது சார்?” என்றாள்.

மறந்தே போய்விட்டதா, அம்மா முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் அம்மா, “சார் திட்டுனாத் திட்டட்டும், உங்க நல்லதுக்குத்தான திட்டுறாக” என்று சிரித்தார்.

இந்த வருஷமும் எனக்கு மூன்றாம் வகுப்புதான். இப்போதெல்லாம் சொல்வதை எழுதுதலுக்கு முன்கூட்டியே பட்டியல் போட்டு வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நேற்றுப் போட்டது உடல் உறுப்புகள். கண், காது, மூக்கு, தோள், கழுத்து. கழுத்தை அடித்துவிட்டுக் கை என்று எழுதிக்கொண்டேன்.