காற்றை அடைக்கக் காசு
மட்டக்களப்புப் பக்கம் கிரானில் எங்கள் வீட்டில் ஜன்னலுக்கு மேலே காற்று வர ஓட்டை விட்ட பூக்கல் வைத்துத்தான் சுவர் எழுப்பினோம். கச்சான் என்கிற வெக்கைக் காற்று அனலாக அடிக்கிற நாட்களில் பின்னேரம் கொஞ்சம் கடல்காற்று வந்தால் அது உள்ளே புகுந்து மறுபக்கத்தால் போக வேண்டும். ஊரில் வீடு கட்டுகிற எல்லோருக்கும் இருக்கிற கவலை அதுதான்.

அப்படி வளர்ந்தவன் கனடாவில், ஸ்காபரோவில் வீடு வாங்கினால் என்ன ஆகும்? அறுபதுகளில் கட்டின பழைய வீடு. முதல் மாரியில் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் இரவு பகலாக ஓடியது, காஸ் பில்லைப் பார்த்து மனைவி நெஞ்சில் கை வைத்தா, மேல் அறையில் படுத்தால் மூக்கு நுனி விறைத்துப்போகும். வேலையிடத்தில் ஒரு அண்ணன்தான் சொன்னார், வீட்டைத் திருத்த மத்திய அரசாங்கம் காசு தருகிறது, 2021இல் தொடங்கின திட்டம், மொத்தமாக 5,000 டொலர் வரை கிடைக்கும், வீட்டைப் பரிசோதிக்கிற செலவுக்கும் தனியாக 600 டொலர் வரை உண்டு என்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. முதலில் பரிசோதனை, பிறகுதான் வேலை. எங்கள் தெருவில் ஒருவர் அவசரப்பட்டு முதலே இன்சுலேஷன், அதாவது சூடு வெளியே போகாமல் தடுக்கிற அடைப்பு, போட்டுவிட்டு விண்ணப்பித்தார், ஒரு சதமும் கிடைக்கவில்லை.

பரிசோதனைக்கு வந்த பெடியன் முன்கதவைத் திறந்து, அந்த இடத்தை ஒரு சீலையால் இழுத்து மூடி, நடுவில் பெரிய விசிறி ஒன்றைப் பூட்டினான். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்கும், அப்போது எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். மனைவி சாமித்தட்டில் இருந்த ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு பின்னால் போனா. மின்செருகி ஓட்டையில் புகை வளைந்தது, அட்டிக் என்கிற கூரைக்கடி இடத்தின் மூடியடியில் கலைந்தே போனது. அவன் சிரித்துவிட்டு, இது நல்ல கருவி என்றான்.

அன்று இரவு அம்மாவுக்குச் சொன்னேன். "காத்த அடைக்கவா மனே காசு தாறானுகள்?" என்று கேட்டா. அவவுக்கு வீட்டு மானியம் என்றால் வேறு. போருக்குப் பிறகு இந்திய அரசு எங்கள் பக்கம் தந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 இலங்கை ரூபாய், அதுவும் ஒரேயடியாக இல்லை, இவ்வளவு கட்டி முடித்தால் இவ்வளவு என்று தவணை தவணையாக. சீமெந்து விலை ஏறினால் கடன்தான். இடையில் நின்றுபோன சுவர்கள் எங்கள் பக்கம் எத்தனை! அங்கே இருக்க ஒரு கூரை வேண்டும் என்று தந்தார்கள், இங்கே இருக்கிற கூரைக்குக் கீழே சூடு தங்க வேண்டும் என்று தந்தார்கள். ஆனால் இங்கே முழுக் காசையும் முதலில் நாங்கள்தான் போட வேண்டியிருந்தது, வேலை முடிந்து இரண்டாவது பரிசோதனையும் நடந்த பிறகுதான் செக். கையில் காசில்லாத ஆளுக்கு அது மானியமா என்று எனக்கு இன்னும் சந்தேகம். நான் சீட்டை எடுத்துத்தான் சமாளித்தேன்.

அட்டிக்குக்குள் குழாயால் செல்லுலோஸ் ஊதினார்கள், பார்த்தால் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி இருக்கும், அரைத்த பழைய பத்திரிகைதான். அட்டிக் வேலைக்கு 1,800 டொலர் வரையும் ஓட்டைகளை அடைக்க 1,000 வரையும் என்பது கணக்கு. செக் வர மாதக்கணக்கானது, வந்தது.

இப்போது அந்த மானியத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது, 2024 பெப்ரவரியில் மூடிவிட்டார்கள். வேறு திட்டங்கள் வந்துபோகும், எதுவானாலும் மாகாணத் தளத்தையும் மத்திய அரசின் தளத்தையும் நீங்களே பாருங்கள். கதவைத் தட்டி "அரசாங்கம் அனுப்பினது" என்று ஹீட் பம்ப் என்கிற சூடாக்கும் கருவி விற்க வருகிறவனை நம்ப வேண்டாம், அழைக்காமல் வீடு வீடாக வந்து அந்த மாதிரிச் சாமான் விற்பதையே எங்கள் மாகாணமான ஒன்ராறியோ 2018இல் தடைசெய்துவிட்டது.

வீடு இப்போது கதகதப்பு. ஆனால் போன கிழமை ஊரிலிருந்து வந்த கருவாட்டைப் பொரித்தோம், மணம் மூன்று நாளாகப் போகவில்லை, கோட்டில்கூட ஏறி வேலையிடம் வரை வந்துவிட்டது. போக ஓட்டை ஏது! கடைசியில் வெளியே காற்றைத் தள்ளுகிற விசிறி ஒன்றை அடுப்புக்கு மேலே பூட்டினேன், அதற்கு சுவரில் ஆறு அங்குலத்துக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது, அந்தச் செலவு என் காசு.