இ.வி. விளக்கைத் துரத்திய நான்கு மாதங்கள்

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் வந்த புதிதில், முதல் நான்கு மாதம், நான் சாலையைப் பார்த்து ஓட்டியதைவிட டேஷ்போர்டில் எரியும் அந்தக் குட்டி இ.வி. விளக்கைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம். விளக்கு எரிகிறதா, இன்ஜின் ஓடவில்லை, பெட்ரோல் செலவில்லை. அவ்வளவுதான் என் கணக்கு. சிக்னலில் பச்சை விழுந்ததும், தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவன் மாதிரி ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்துகொண்டு போவேன். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தே என்னைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேலையாக மூன்று வாரம் வெளியூர் போனேன். அந்த நாட்களில் கார் என் மனைவி கையில். அவள் ஓட்டுவதைப் பார்த்து "இப்படி மிதித்தால் எங்கே மைலேஜ் வரும்?" என்று நான் எத்தனையோ முறை அலுத்துக்கொண்டதுண்டு. திரும்பி வந்து டாங்கை நிரப்பிக் கணக்குப் போட்டால், அதே வழி, அதே தூரம், என்னைவிட லிட்டருக்கு 2 கி.மீ. கூட! ரோஷம் வந்துதான் இந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்று படிக்கவே ஆரம்பித்தேன்.

முதலில் பேட்டரி. ஏதோ பெரிய சேமிப்புக் கிடங்கு என்று நினைத்திருந்தேன். டொயோட்டாவின் பிரபல ஹைப்ரிடான பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் இருந்த பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1.3 யூனிட் மின்சாரம்தான். அதையும் ஆயுளை உத்தேசித்து முழுக்க நிரப்பவோ முழுக்கக் காலி செய்யவோ வண்டி விடாது. சுமார் 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவிலேயே வைத்துக்கொள்ளும். ஆக, நமக்குப் புழங்கக் கிடைப்பது அரை யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் அளவுக்கு வெப்ப ஆற்றல் இருக்கிறது. நல்ல ஹைப்ரிட் இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், நல்ல நேரத்தில் கொஞ்சம் கூட. அப்படியென்றால் பேட்டரியில் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த செல்வம் ஒரு லிட்டரில் ஆறில் ஒரு பங்கு. கிடங்கு எங்கே, சட்டைப் பையிலிருக்கும் சில்லறைதான் அது.

சரி, அந்தச் சில்லறையாவது எங்கிருந்து வந்தது? வயரைச் சொருகி சார்ஜ் ஏற்றாத ஹைப்ரிடில் எல்லாமே பெட்ரோல்தான். இன்ஜின் சுழற்றி, ஜெனரேட்டர் மின்சாரமாக்கி, பேட்டரி வாங்கி வைத்து, திரும்ப மோட்டார் வழியாகச் சக்கரத்துக்கு வர, ஒவ்வொரு கை மாறும்போதும் கமிஷன் போகிறது. நான் ஊர்ந்து ஊர்ந்து பேட்டரியைக் காலி செய்வேன், அது குறைந்ததும் இன்ஜின் எழுந்து, வண்டியையும் இழுத்துக்கொண்டு பேட்டரியையும் நிரப்பும், மறுபடி நான் காலி செய்வேன். கமிஷன் கொடுத்தே பெட்ரோலைத் தீர்த்திருக்கிறேன்.

மனைவி செய்தது இதற்கு நேர் எதிர். சிக்னல் விழுந்ததும் தயங்காமல் மிதித்து, வேண்டிய வேகம் வந்ததும் காலை எடுத்துவிடுவாள். பெட்ரோல் இன்ஜின் சோம்பலாக, மிகக் குறைந்த பாரத்தில் ஓடும்போதுதான் ஆற்றலை அதிகம் வீணாக்கும். நடுத்தரமான பாரத்தில், அதிகம் அலறாத சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சொட்டுக்கும் அதிக வேலை தரும். ஹைப்ரிடுகளில் பெரும்பாலும் இருப்பது அட்கின்சன் சுழற்சி இன்ஜின். உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுவதால் வலு கொஞ்சம் குறையும், சிக்கனம் அதிகம். 2015-இல் வந்த நான்காம் தலைமுறை பிரியஸின் இன்ஜின் அதிகபட்சம் 40 சதவீதம் வெப்பத் திறன் (வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு) தொடுகிறது என்று டொயோட்டா சொன்னது. அதிகபட்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த எண் ஊர்கிறவனுக்குக் கிடைக்காது. மீட்டரில் 'ஈகோ' பகுதியின் மேல் பாதிக்கு முள்ளைக் கொண்டுபோய், 'பவர்' பகுதிக்குள் நுழையாமல், நாலு பேர் ஓட்டுகிற மாதிரி வேகம் எடுங்கள். இன்ஜின் ஓடட்டும், அது ஓட வேண்டிய நேரம் அதுதான்.

வேகம் எடுத்த பிறகு செய்வதில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது. 1,400 கிலோ வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 0.05 யூனிட். பிரேக் போட்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதைப் பிடித்துப் பேட்டரியில் போடும், உண்மைதான், ஆனால் போட்டதெல்லாம் திரும்ப வராது, மறுபடி அதே வேகத்துக்குப் போகும்போது கணிசமான பங்கு கமிஷனில் கரைந்திருக்கும். வேகத்தை வேகமாகவே வைத்துக்கொண்டால் கமிஷனே கிடையாது. முன்னூறு மீட்டருக்கு அப்பால் சிவப்பு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட்டு உருண்டு போக விடுங்கள். பச்சை விழும்போது வண்டி இன்னும் 30-இல் உருண்டுகொண்டிருந்தால் அதுதான் லாபம். முழுக்க நின்று கிளம்புவதோடு ஒப்பிட்டால் கால்வாசி ஆற்றல் கையில் இருக்கிறது. ஆம், பாதி வேகத்துக்குக் கால்வாசிதான், வர்க்கக் கணக்கு அது.

இதில் ஒரு நுணுக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தால் வண்டி லேசாக பிரேக் பிடித்துப் பேட்டரியை நிரப்பத் தொடங்கும். சாதாரண வண்டியின் இன்ஜின் இழுவை போலத் தோன்றட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். உருள வேண்டுமானால் காலை எடுத்துவிட்டு, மறுபடி மயிரிழை அளவு அழுத்துங்கள். திரையில் பேட்டரியிலிருந்து போகும் அம்புக்குறியும் இருக்காது, உள்ளே வரும் அம்புக்குறியும் இருக்காது. அந்த இடம் பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இதையே வெறியாகச் செய்கிறவர்கள் உண்டு: வேகம் எடுப்பது, உருள்வது, மறுபடி எடுப்பது, மறுபடி உருள்வது. காலியான சாலையில் நானும் ஒருநாள் செய்து பார்த்தேன், எண் நன்றாகத்தான் ஏறியது. பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, வாந்தி வருது" என்றாள். விட்டுவிட்டேன். பின்னால் வண்டிகள் இருக்கும் சாலையில் அது ஆபத்தும்கூட.

பிரேக் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் சீக்கிரம் தொடங்கி, மெதுவாக, நீளமாக. மோட்டாரும் பேட்டரியும் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் வாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. கடைசி நேரத்தில் அழுத்தி மிதித்தால் மிச்சத்தைச் சாதாரண பிரேக் கட்டைகள் வாங்கிச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும்.

கியர் நெம்புகோலில் இருக்கும் 'பி' (B) என்ற எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கான பி என்று நினைத்து ஒரு மாதம் அதிலேயே ஓட்டிய ஆளை எனக்குத் தெரியும் (நான்தான்). டொயோட்டா ஹைப்ரிடுகளில் அது நீண்ட இறக்கத்துக்கானது. இன்ஜினைச் சும்மா சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும், அதாவது ஆற்றலை வேண்டுமென்றே செலவழிக்கும். மலை இறங்கும்போது அருமை, மற்ற நேரம் வேண்டாம். அதேபோல் சிக்னலில் நியூட்ரலுக்குப் போகும் பழைய பழக்கத்தையும் விடுங்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது.

நெடுஞ்சாலையில் வித்தையெல்லாம் அதிகம் செல்லாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் 56 சதவீதம் அதிகம், 120-இல் இரண்டே கால் மடங்கு. பிரேக்கே போடாத இடத்தில் திரும்பப் பிடிக்கவும் எதுவுமில்லை. அங்கே ஹைப்ரிட் என்பது கொஞ்சம் நல்ல இன்ஜின் உள்ள சாதாரணக் கார், வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

குளிர்ந்த இன்ஜின் இன்னொரு திருடன். கிளம்பியதும் நீங்கள் எவ்வளவு மென்மையாக ஓட்டினாலும், இன்ஜினும், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியும் சூடாகும்வரை இன்ஜின் ஓடும். ஐந்து நிமிடப் பயணமாக நாளுக்கு நான்கு போனால் நான்கும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். நான்கையும் ஒரே சுற்றாக்கி, தூரமானதை முதலில் முடித்தால் திரும்பும் வழியில் வண்டி சூடாகவே இருக்கும். குளிர் நாட்களில் ஹீட்டர் போட்டாலும் பெரும்பாலான ஹைப்ரிடுகளில் வெப்பத்துக்காகவே இன்ஜின் ஓடும். ஏசியை அணைத்துவிட்டு வியர்த்து விறுவிறுக்க வேண்டாம். கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, செலவு உண்டுதான், ஆனால் தாங்கும் அளவில்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன், பார்க்க மாட்டேன். ஒருநாள் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட நான்கிலும் குறைவு. நான்கு மாதம் கால் விரலால் வித்தை காட்டிக்கொண்டிருந்தவனின் டயர்! பல ஹைப்ரிடுகளில் பின் சீட்டருகே பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளை இருக்கும், அதன்மேல் பையை வைக்காதீர்கள். பேட்டரி சூடானால் வாங்குவதும் கொடுப்பதும் குறையும்.

கணக்குப் போடுவதிலும் ஏமாறாதீர்கள். 10 கி.மீ. தந்த வண்டி 12 தந்தால் நூறு கி.மீ.-க்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 தந்தது 24 ஆனால் 0.83 லிட்டர்தான், சதவீதம் ஒன்றேயானாலும். திரை காட்டும் எண்ணைவிட, டாங்க் நிரப்பி நிரப்பிப் போடும் கணக்கை நான் நம்புகிறேன், அதுவும் மூன்று நான்கு டாங்க் சேர்த்து.

இது எல்லா ஹைப்ரிடுக்கும் அப்படியே பொருந்தாது. நிசான் இ-பவரில் இன்ஜின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை, மின்சாரம் மட்டும் தயாரிக்கும். ஹோண்டாவின் இரண்டு மோட்டார் முறையில் நெடுஞ்சாலை வேகத்தில் கிளட்ச் இணைந்து இன்ஜின் நேராகச் சக்கரத்தைச் சுழற்றும். பிரேக் கணக்கு மட்டும் எங்கும் ஒன்றுதான்.

போன மாதமும் ஒரு டாங்க் முழுக்க அவள்தான் ஓட்டினாள். நான் இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகும் அரை கி.மீ. கூட. ஓட்டும்போது அந்த இ.வி. விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கேட்டேன்.

"அப்படி ஒரு விளக்கு இருக்கா?" என்றாள்.