ஒன்பது மாசம்னா ஒன்பது மாசம்தான்

தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, எப்படி இருக்கா, எப்ப ஆட வருவான்னு, தனித்தனியா ரிப்ளை போட முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். வீட்ல கபடி ஆடுற புள்ளைங்க இருந்தா உங்களுக்கும் யூஸ் ஆகலாம்.

அவ ரைடர், எதிர் டீம் பக்கம் போயி ஆளைத் தொட்டுட்டு திரும்பி வர்றவ. போன வருஷம் ஒரு மேட்ச்ல கார்னர்ல நின்ன பொண்ணு ஆங்கிள் ஹோல்டு, அதான் கணுக்கால் பிடி, போட்டுச்சு, இவ பாதம் மேட்ல அப்படியே மாட்டிக்கிச்சு, உடம்பு மட்டும் நடுக்கோட்டுப் பக்கம் திரும்புச்சு, உள்ள டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சாம். கொஞ்ச நேரத்துல அவளே எழுந்து நடந்தா, எல்லாரும் சுளுக்குன்னாங்க. ராத்திரி பாத்தா முட்டி பலூன் மாதிரி. எம்ஆர்ஐல ஏசிஎல், அதான் முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடிச்சிருக்குற லிகமெண்ட், முழுசா அறுந்துபோச்சுன்னு வந்துச்சு.

பெரியப்பா புத்தூர் கட்டுக்கு கூட்டிட்டு போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னார். அது எலும்பு முறிஞ்சா போற எடம் பெரியப்பா, இது லிகமெண்ட்டுன்னு சொன்னா யார் கேக்கறா. டாக்டர்தான் அவருக்கு பொறுமையா சொன்னார், முட்டிக்குள்ள இருக்குற திரவத்துல ரத்தம் சரியா உறையாது, அதனால முழுசா அறுந்த ஏசிஎல் பெரும்பாலும் தானா ஒட்டாது, பின்தொடைலேர்ந்து தசைநார் எடுத்து தொடை எலும்புலயும் கீழ்க்கால் எலும்புலயும் ஓட்டை போட்டு இழுத்துக் கட்டணும்னு. பாண்டில பண்ணோம். ஆபரேஷனைப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, நல்லா முடிஞ்சிது.

அதுக்கப்புறம்தான் கதையே. மொத ரெண்டு வாரம் அவளுக்கு இருந்த ஒரே வேலை காலை முழுசா நீட்டறது, குதிகாலுக்கு அடில துண்டை சுருட்டி வச்சிக்கிட்டு முட்டியை கீழ அழுத்தணும், அவ்ளோதான், ஆனா தொடை தசை சொன்ன பேச்சே கேக்காது, அவ முறைச்சி பாக்கறா தொடை சும்மா கெடக்குது. தொடை வேற சூம்பிப்போச்சு, பேண்ட் போட்டாலே ரெண்டு காலுக்கும் வித்தியாசம் தெரியும். அம்மா ஆட்டுக்கால் சூப்பா வச்சித் தள்ளுனாங்க, பிசியோ என்னடான்னா முட்டை சாப்டுமா தசைக்கு புரோட்டீன் வேணும்னார், கடைசில ரெண்டும் உள்ள போச்சு.

நாலாவது மாசம்தான் எங்களுக்கு பெரிய தலைவலி. வலி இல்ல, வீக்கம் இல்ல, ஜாகிங் போறா. ஜில்லா செலக்‌ஷன் வருது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிஃபிகேட் வேணும், கோச் போன்மேல போன், "சும்மா பெஞ்ச்ல உக்காரட்டும் தம்பி, டூ ஆர் டை ரைடுக்கு மட்டும் எறக்கறேன்." டூ ஆர் டை ரைடுக்காம்! பாயிண்ட் எடுக்கலன்னா ரைடரே அவுட் ஆகுற ரைடு அது. விஷயம் என்னன்னா வச்ச தசைநார் வச்ச அன்னிக்கு இருந்த பலத்துல இருக்காது, உள்ள போனதும் ரத்த ஓட்டம் இல்லாம மொதல்ல பலம் கொறையும், அப்புறம் புது ரத்தக்குழாய் வந்து மெதுவா லிகமெண்ட்டா மாறும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதாவது கால் நல்லாருக்குனு தோணும்போது உள்ள ரெடியா இருக்காது. 2016ல நார்வேக்காரங்களும் அமெரிக்காக்காரங்களும் சேர்ந்து ஒரு ஆய்வு போட்டாங்க, ஒன்பது மாசம் வரைக்கும் ஆட்டத்துக்கு திரும்பறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடப் போட மறுபடி அடிபடறது ஏறக்குறைய பாதியா கொறையுதுன்னு. கோச்சுக்கு இதை வாட்ஸப்ல அனுப்புனேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

அவளுக்கு தெம்பு குடுத்தது மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தான். 2016 ரியோல சீனாவோட சுன் யனன்கூட மோதும்போது முட்டி போயி ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போனாங்கல்ல, 2018 ஜகார்த்தா ஆசியன் கேம்ஸ்ல மொத பவுட்டே அதே சுன் யனன், அதை ஜெயிச்சு ஃபைனல்ல ஜப்பான்காரியையும் ஜெயிச்சு தங்கம். இந்தியப் பொண்ணு மல்யுத்தத்துல ஆசியன் கேம்ஸ் தங்கம் வாங்குனது அதான் மொத தடவ. இவ அதை போன்ல திரும்பத் திரும்ப பாத்துட்டு, ரெண்டு வருஷம் இருக்குல்ல நடுவுலன்னா. எனக்கு அந்தக் கணக்கு தோணவே இல்ல.

ஒன்பது மாசம் தாண்டி டெஸ்ட் வச்சாங்க, ஒத்தக்கால்ல தாவி எவ்ளோ தூரம் போறான்னு, ஆபரேஷன் பண்ண கால் இன்னொரு கால்ல 90 சதவீதமாவது வரணும். இதுல ஒரு ஓட்டை இருக்கு, இத்தன மாசம் ஆடாம நல்ல கால்லயும் பலம் கொறைஞ்சிருக்கும், அதோட ஒப்பிட்டா மார்க் தானா ஏறிடும், அதனால பிசியோ தொடை பலத்தையும் தனியா மெஷின்ல பாத்தார். பாஸ்.

ஆனா தாவறது வேற, பிடிபடறது வேற. மேட்ல மொத நாள் ஃப்ரெண்டு ஆங்கிள் பிடிக்க வந்ததும் இவ யாரையும் தொடாமலே லாபிக்கு, அதான் கோர்ட்டோட ஓரப் பட்டைக்கு, தானா ஓடி அவுட் ஆயிட்டா. அதனால மொதல்ல நின்ன எடத்துலயே காலை பிடிக்க விட்டு பழகுனா, அப்புறம் நடந்து, அப்புறம் ரைடு. பேக் கிக், அதான் காலைப் பின்னாடி உதைச்சு ஆளைத் தொடறது, இன்னும் பழைய வேகம் இல்ல, பின்தொடைலேர்ந்துதான நார் எடுத்தாங்க, அங்க பிடிக்குதுங்கறா.

போன மாசம் மொத மேட்ச். செகண்ட் ஹாஃப்லதான் எறக்குனாங்க, ஒரு போனஸ் பாயிண்ட், ஒரு டச் பாயிண்ட் எடுத்தா, டீம் தோத்துடுச்சு. இப்ப பிராக்டிஸுக்கு முன்னாடி ஜூனியர் பசங்களை நிக்க வச்சு குதிச்சு எறங்கும்போது முட்டி உள்பக்கம் போகாம எறங்க சொல்லிக்குடுக்கறா, அதுங்க போர் அடிக்குதுக்கான்னு சிணுங்குதுங்க, இவ விடறதில்ல.