பாலக்கோட்டில் ஒரு வீடு

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பெற்ற நாங்கள் நாலைந்து பேர், அப்படிக் குழந்தை பிறந்த வீடுகளுக்கு முறைவைத்துப் போய்ப் பார்த்து வருகிறோம். நேற்று என் முறை, பாலக்கோடு பக்கம். குழந்தை பிறந்து 20 நாள். ஆஸ்பத்திரியில் டவுன் சிண்ட்ரோம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போனதாலயாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 9 வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பழியை என்மேலேயே போட்டுக்கொண்டு அழுதேன். இல்லம்மா, 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது, உன் தப்பு எதுவுமில்லை என்றேன். மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்தே சொன்னேன், அதுதான் முக்கியம்.

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். அதனால் முதலில் எக்கோ என்ற இதய ஸ்கேன், அப்புறம் தைராய்டு பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தேன்.

என் மகள் பாப்பாவின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் போறாளாக்கா?"

"மூணாவது படிக்கிறாம்மா."