வளவு விளக்குக்கு மூன்று சுவிட்ச்

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் வரிசையும்) விளக்குகள் ஒருவழியாக மூன்று இடத்திலிருந்தும் எரிகின்றன, அணைகின்றன. முகப்பு வாசலில் ஒரு சுவிட்ச், மாடிப்படி அடியில் ஒன்று, இரண்டாம் கட்டுக்கு (வளவை அடுத்த பின்பகுதிக்கு) போகும் நிலையருகே ஒன்று. எதைத் தட்டினாலும் வேலை செய்கிறது! இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தூண் தூணாகத் தடவி வந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் வேறு யோசனை சொன்னார். அந்தந்தப் பெட்டியிலேயே பேஸ் (மின்னழுத்தம் உள்ள வயர்), நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இரண்டையும் எடுத்து, மூன்று முனையுள்ள டூவே சுவிட்சின் இரு ஓரங்களில் கொடுத்துவிட்டு, நடு முனையை விளக்குக்குக் கொண்டுபோவது. "வயர் ரொம்ப மிச்சமாகும் தம்பி" என்றார். மிச்சம்தான். ஆனால் விளக்கின் இரு முனைக்கும் வரும் இரண்டு டூவே சுவிட்சும் பேஸ் பக்கம் நின்றால், விளக்கு அணைந்திருக்கும்போதே ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறுகிறவரின் உயிரோடு விளையாடும் வேலை அது. நான் சம்மதிக்கவே இல்லை. நியூட்ரல் நேராக விளக்குக்கு, சுவிட்ச் வழியே பேஸ் மட்டும். இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரு கோடியிலும் டூவே சுவிட்ச். என்னைப் பாடாய்ப் படுத்தியது அவற்றின் நடுவில் வரும் இன்டர்மீடியட் சுவிட்ச். நான்கு முனைகள். ஒரு பக்கம் தட்டினால் நேர் இணைப்பு, மறுபக்கம் தட்டினால் குறுக்கு இணைப்பு. எந்த இரண்டு முனை வரவுக்கு, எந்த இரண்டு போக்குக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. அதனால் மாட்டுவதற்கு முன்பே மேசையில் வைத்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தேன். சுவிட்சைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தேன். இரு நிலைகளிலும் ஒன்றோடொன்று சேராத இரண்டு முனைகள்தான் ஒரே பக்கத்து ஜோடி. முகப்பிலிருந்து வரும் இரு வயர்களும் அந்த ஜோடிக்குத்தான் போக வேண்டும். ஜோடிக்குள் இடம் மாறினால் பாதகமில்லை. ஜோடியே மாறினால், நடுச் சுவிட்ச் ஒரு நிலையில் நிற்கும்போது மற்ற இரண்டும் செத்துவிடும்.

சுவரில் காடி எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடிபோல் மின்னும் இந்தச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை வெட்டிவிட்டால், ஒட்டுப்போட்ட இடம் காலத்துக்கும் தெரியும். பழைய தேக்கு ரீப்பர் (வயரைத் தாங்கும் மரப்பட்டை) ஓடிய தடத்திலேயே புது ரீப்பர் அடித்து, 1.5 சதுர மில்லிமீட்டர் வயரைக் கிளிப்பில் ஓட்டினோம். நடுச் சுவிட்சின் இரு பக்கமும் இரண்டிரண்டு வயர் ஓடுவதால் அகலமான ரீப்பராகக் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பீங்கான் அடி வைத்த குமிழ் சுவிட்சுகளைப் பார்த்து மனம் அலைபாய்ந்தது. அழகுதான். ஆனால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்த சுவிட்சை மரத்தின் மேல் மாட்ட எனக்குத் துணிவில்லை. வட்ட மரக்கட்டைகளை மட்டும் வாங்கி, புது சுவிட்சுகளை அவற்றின் மேல் பொருத்தினேன்.

மாடிப்படி அடியில் உள்ள சுவிட்சின் வட்டக் கட்டைக்கு இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை. அதற்குள் மனம் மெயின் போர்டுக்குத் தாவிவிட்டது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டாக வேண்டும். பொது வீடு என்பதால் பங்காளிகளிடம் கேட்டிருக்கிறேன். சென்னையிலிருக்கும் பெரியப்பா சரியென்றால் அடுத்த வேலை அதுதான்.